ஒரு விரல் தளர்வு

துணியைத் திருத்தித் தைக்கும் கடைக்கு வருகிற ஒருவரும் தான் பருத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது கிடையாது. துணி சுருங்கிவிட்டது என்பார்கள். சோப்பு சரியில்லை என்பார்கள், வாஷிங் மிஷினைத் திட்டுவார்கள், கடைசியில் தைத்தவன் அன்றைக்கே அளவைக் கோட்டைவிட்டான் என்று முடிப்பார்கள். தொப்பை மட்டும் வழக்கில் சேராது. அவள் மேசைக்குப் பின்னால் நின்று அத்தனையையும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள். வந்தவர் கதவைத் தாண்டியதும் கணவன் பக்கம் திரும்பி, "துணி பொய் சொல்லாது" என்பாள். அவன் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரிப்பான்.

தெரு திரும்பும் இடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிய இடத்தில்தான் கடை. இரண்டு மோட்டார் மிஷின், ஓர் இஸ்திரி மேசை, துண்டுச் சீட்டு குத்தித் தொங்கும் துணிகளின் வரிசை. இதற்கு மேல் ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டும். தைப்பதும் இஸ்திரி போடுவதும் அவன் வேலை. பிரிப்பது அவள் வேலை. பிரிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு கோட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். துணியில் கீறல் விழாமல் நூலை மட்டும் அறுக்க வேண்டும். அறுத்த நூலைத் துளி விடாமல் பொறுக்க வேண்டும். பாதி பிளேடை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து அவள் ஒரு தையலில் இறங்கினால், பழைய துணி பூப்போலக் கழன்று வரும். கணவன் அவளை 'பிளேடு' என்று கூப்பிடுவான். பேசி அறுப்பாள் என்பதால் அல்ல. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

அவளுக்கு மூன்று முறை கரு நின்று, மூன்று முறையும் மூன்றாம் மாதத்தைத் தொடாமல் போய்விட்டது.

மூன்று முறையும் முதல் சேதி சொன்னது பேன்ட்டின் இடுப்புப் பட்டிதான். கடைக்குப் போட்டுப்போக அவன் தைத்துக் கொடுத்த சாம்பல் நிறப் பேன்ட்டுகள் அவை. ஆண்களுக்குத் தைப்பது போல, பின்பக்கத் தையலில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருந்தான். பின்னால் தேவைப்பட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்கு முன்பே வயிறு உப்பிப் பட்டி இறுகும். அவள் உள்ளுக்குள் துள்ளுவாள். கொஞ்ச நாள் அந்த இறுக்கத்தோடு நடப்பது, யாருக்கும் தெரியாமல் பையில் இனிப்பு வைத்துக்கொண்டு நடப்பது போல இருக்கும். அப்புறம் ஒரு காலையில் பட்டி தளர்ந்துவிடும். பின்னாலேயே இரத்தம் வரும். முதல் தடவை அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை விளங்கியது. மூன்றாம் தடவை, பட்டி தளர்ந்த காலையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனது அதை ஊர்ஜிதம் பண்ணத்தான்.

கணவனின் அக்காவுக்கு இதற்கெல்லாம் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. மிஷின் மிதிப்பதால்தான் என்றாள். மோட்டார் மிஷினுக்கு ஏது மிதி என்று தம்பி கேட்டான். அப்படியானால் அதிர்வு என்றாள். அவள் மிஷினிலேயே உட்கார்வதில்லை, பிரிக்கத்தான் செய்கிறாள் என்றான். பின்னே பிரித்துக்கொண்டே இருந்தால் எது ஒட்டும் என்று அக்கா கேட்டாளே ஒரு கேள்வி, அதோடு அவன் போனை வைத்துவிட்டான். அக்கா கெட்டவள் இல்லை. காரணம் இல்லாத துக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். பலருக்கும் முடிவதில்லை.

காரணம் மூன்றாவதற்குப் பிறகு கிடைத்தது. டாக்டரம்மா கருப்பைக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். நடுவில் திரை போல ஒரு சவ்வு குறுக்கே இறங்கியிருந்தது. உள்சுவரில் துளி சதை எடுத்துப் பரிசோதித்ததில், வெளியே வலியோ காய்ச்சலோ காட்டாத பழைய அழற்சி ஒன்றும் இருந்தது. கரு வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் சரியாக இல்லை, ஒட்டினாலும் போதிய இரத்தம் கிடைத்திருக்காது என்று படம் போட்டு விளக்கினார். அவளுக்கு ஒரே நேரத்தில் நிம்மதியாகவும் அவமானமாகவும் இருந்தது. வந்தவர்களை உட்கார வைக்க வீட்டில் ஒரு நல்ல பாய்கூட இல்லாமல் போய்விட்டது போலக் கூசினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கோளாறு தன்னிடம்தான் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோளாறு எங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுதே. நாம தினமும் செய்யறது அதுதானே" என்றான் அவன்.

சவ்வை வெட்டி எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி துளி எடுத்துப் பார்த்ததில் அழற்சி போயிருந்தது. இனி தாராளமாக முயற்சி செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று டீ குடித்தார்கள்.

நான்காவது நின்றபோது அவள் அவனிடம் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மூன்றாவது போன அன்று அவன் அவளைப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தன் வலியைவிட அந்தச் சத்தம்தான் அவளுக்குள் தங்கிவிட்டது. அடுத்தது வந்தால் மூன்று மாதம் தாண்டும்வரை தனியாகவே சுமப்பது, போனால் தன்னோடு போகட்டும், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சாக்கு வேண்டுமே. ஜிப் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவாள். பொய்க்குச் சாட்சியாக வரும்போது உண்மையிலேயே ஜிப் வாங்கி வருவாள். பதற்றத்தில் நிறம் பார்ப்பதில்லை. மேசை டிராயரில் கத்திரிப்பூ நிறத்திலும் மஞ்சளிலும் யாருக்கும் ஆகாத ஜிப்புகள் குவிந்தன. ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஜிப்பைக் கிழித்துக்கொண்டார்களா என்று அவன் கேட்டான். விலை ஏறப்போகிறதாம் என்று ஏதோ உளறிச் சமாளித்தாள்.

பட்டி வழக்கம்போல இறுகியது. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே இறுகி, மாலையில் அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் இருந்தது. அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். பகலில் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, மனசுக்குள் அதனோடு பேச ஆரம்பித்தாள். இது ஒரு வக்கீலோட கோட்டு, உள்பாக்கெட்ல பழைய மிட்டாய்த் தாள் இருக்கு பாரு. இந்த அம்மா சுத்திச் சுத்தி இளைச்சுட்டாங்க, நல்லா சாப்பிட்டா தேவலை. உனக்குத் தனியா ஒரு அறை இருக்கு இப்ப, திரையெல்லாம் எடுத்தாச்சு, காலை நீட்டிக்க. இப்படி.

அந்த நாட்களில் கடையில் ஒரு ரகளை நடந்தது. பாட்டு வாத்தியார் ஒருவர், கை நீளம் குறைக்கக் கொடுத்த கோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். இரண்டு பாக்கெட்டின் வாயும் அழுத்தமாகத் தைத்து மூடியிருந்தது. மேடையில் உட்கார்ந்த பிறகு கண்ணாடியை எடுக்கப் பாக்கெட்டைத் தேடியிருக்கிறார், விரல் நுழையவில்லை. பாட்டு பாதியில் நின்று, கூட்டம் சிரித்துவிட்டதாம். அவள் மன்னிப்புக் கேட்டு, அங்கேயே பிரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கணவனைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நடக்காத தப்பு, கவனம் எங்கே மேயப் போனது என்று கேட்டாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வது வேறு புதுசாகத் தொற்றியிருந்தது. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஒரு காலையில் பேன்ட்டைப் போட்டாள். பட்டி தளர்ந்திருந்தது.

விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் தாராளமாகப் போனது. நேற்று மாலை போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். வெளியறையில் அவன் சீட்டியடித்துக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

ஜிப் வாங்கப் போனாள். சொல்லிவைக்காமல் வந்தவளை டாக்டரம்மா உள்ளே விட்டு, ஸ்கேன் வைத்துப் பார்த்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். அரிசி அளவு ஒரு வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தது. நன்றாக இருக்கிறது, எதற்கு இப்படி வெளிறிப் போயிருக்கிறாய் என்றார். அவள் பார்த்தாள். தலையையும் ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை. ஸ்கேன் மிஷின் இன்றைக்கு இருப்பதைக் காட்டுகிறது, பட்டி நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறது. மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் பலித்ததை, ஒரு துளி வெளிச்சத்துக்காக எப்படித் தள்ளுவது? துணி பொய் சொல்லாது.

சில நாளில் பட்டி இன்னும் அரை விரல் தளர்ந்தது. அன்றிலிருந்து அவள் அதனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். போகப் போகிறதோடு என்ன பழக்கம் என்று நினைத்தாள். பிளேடை நகர்த்தும்போது பேச்சு தானாக வாய்க்குள் வரும், விழுங்கிவிடுவாள். அது துடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் அதற்காகத் துக்கம் காத்தாள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அடுத்த ஸ்கேனில் வெளிச்சம் இல்லை. டாக்டரம்மா கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. எனக்குத் தெரியும் டாக்டர் என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்கே இது எதிர்பாராததுதான். உள்ள எல்லாம் நல்லா இருக்கு, சவ்வு இல்ல, அழற்சி இல்ல. இடத்துல ஒரு குறையும் இல்ல. சில சமயம் கருவே சரியா உருவாகாம நின்னுடும். இதுல நீ செஞ்சது ஒண்ணுமில்ல."

இடத்தில் குறையில்லை என்ற சொல்லை அவள் வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தாள். எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் கையில் ஒரு காரணமாவது இருந்தது, அதுவும் போயிற்று.

கரு வெளியேற மாத்திரை கொடுத்திருந்தார்கள். இந்த மாத விலக்கில் ரொம்ப முடியவில்லை, வீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்று கணவனிடம் சொன்னாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டான். வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தான், கஞ்சி வைத்துக் கொடுத்தான். மீதி நேரமெல்லாம் வெளியறையில் ஒரு திரைச்சீலைக்குக் கையால் ஓரம் மடித்துத் தைத்தபடி உட்கார்ந்திருந்தான். குளியலறைக் குழாய் சத்தம் கேட்கவில்லை. வயிற்றைப் பிசைந்து எடுத்த வலிக்கு நடுவிலும், நல்லவேளை, இவரைத் தப்ப வைத்துவிட்டேன் என்று அவளுக்கு ஓர் ஆறுதல்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆள் வரத்து இல்லை. நடக்கும்போதெல்லாம் பேன்ட் நழுவியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே திரிந்தாள். இதற்கும் இவரைக் கேட்க வேண்டுமா, நாமே பிடித்துத் தைத்துக்கொள்வோம் என்று திரைக்குப் பின்னால் போய்ப் பழைய பாவாடை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, பேன்ட்டைக் கழற்றி மேசையில் போட்டு உள்பக்கம் திருப்பினாள்.

ஊரார் துணியையெல்லாம் திருப்பிப் பார்க்கிறவள் தன் துணியைத் திருப்பிப் பார்த்தது அப்போதுதான். பின்பக்கத் தையல் மிஷின் தையலாக இல்லை. பழைய தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை ஒன்றரை விரல் வெளியே விட்டு, இரட்டை நூலில் கையால் ஓட்டியிருந்தது. நாலு தையலுக்கு ஒரு தடவை ஊசியைப் பின்னுக்கு இழுத்துக் குத்துகிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கை எதற்குக் கைநூல் போட்டிருக்கிறது என்பதும் தெரியும். மிஷினில் அடித்தால் பிரித்த பிறகும் ஊசித் துளை நிற்கும். கைநூலை ஒரு பக்கம் பிடித்து உருவினால் தடமில்லாமல் வந்துவிடும்.

பேன்ட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசை முன்னால் போய் நின்றாள்.

"இது எப்ப?"

அவன் பார்த்தான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தான்.

"நீ துணி மாத்தும்போது பாத்தேன். இடுப்பைச் சுத்திக் கோடு கோடாச் சிவந்து கெடந்துச்சு. வலிக்குமேன்னு இஸ்திரி போடும்போது எல்லாத்துலயும் கொஞ்சம் விட்டேன். அப்புறம் இன்னும் கொஞ்சம்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எத்தனை ஜிப்பும்மா வாங்குவ? அதுவும் கத்திரிப்பூ கலர்ல." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீ சொல்லல. சொல்லாம இருக்கறதுதான் உனக்குத் தைரியம்னா இருந்துட்டுப் போகட்டும்னு நானும் வாயைத் தொறக்கல."

"போனதும் தெரியும்."

தலையசைத்தான். தையலைத் திரும்பப் பிடித்து வைக்க இரண்டு தடவை கையில் எடுத்ததாகவும் நூலை உருவ முடியவில்லை என்றும் சொன்னான்.

அவளுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. குரல் மட்டும் ஏறவில்லை.

"பட்டி தளர்ந்ததும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? போயிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டர் நெஞ்சுத் துடிப்பைக் காட்டினாங்க, நான் நம்பல. அது உயிரோட இருக்கும்போதே அழுது முடிச்சிட்டேன். அதுகிட்ட பேசறதைக்கூட நிறுத்திட்டேன். ஒரு வார்த்தை பேசல."

சொன்னது அவனுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும், நூல் துணுக்குகள் கிடந்த தரையில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். இங்கே குழாய் இல்லை. பெரிய மனுஷன் ஒருவன் அழுவதை அவள் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இதிலிருந்து அவனைக் காப்பாற்றத்தான் அத்தனை ஜிப்பும். பார்க்க முடியாது என்று நினைத்திருந்தாள், பார்க்க முடிந்தது. தானும் உட்கார்ந்தாள். தோளோடு தோள் உரச, நான்குக்கும் சேர்த்து இரண்டு பேரும் அழுதார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மழையிலேயே திரும்பிப் போனார்கள்.

"இடம் நல்லா இருந்துச்சாம். எனக்குள்ள ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள், கொஞ்சம் அடங்கிய பிறகு.

"அதை ஏன் எங்கிட்ட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். யாரை யார் கேட்பது?

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேன்ட்டுக்காகக் கையை நீட்டினான். கொடு, பிடித்துத் தருகிறேன் என்றான். அவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்து, அந்தக் கைநூலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இதைத் தைத்த நாட்களில் அதற்கு உயிர் இருந்தது. தான் அதற்கு எந்தச் சந்தோஷத்தையும் காட்டவில்லை. அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சீட்டிச் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

"அந்த நாள்லாம் நீங்க சந்தோஷமா இருந்தீங்களா?"

திருட்டுப் பொருளை எடுத்து வைக்கிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். "இருந்தேன்."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் பயந்தான். அவளும்தான் எதிர்பார்த்தாள். வந்தது வேறு. ஒருத்தராவது இருந்திருக்கிறார். யாருமே வரவேற்காமல் அது வந்துபோகவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. தெரிஞ்ச அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"அன்னிக்கா?" அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அன்னிக்குத்தான் அந்தப் பாட்டு வாத்தியார் கோட்டை தெச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. மடியிலிருந்த பேன்ட்டை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.